உயர்த்திய கை

ஜீவிதா கல்லின் முன் குந்தி உட்கார்ந்து மூன்றாவது முறையாக அளவெடுத்தாள். உயரம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். மாறாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கன்னிவாடிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சோளக்காட்டின் வரப்பில் நின்ற அந்தக் கல்லில், வாளேந்திய ஓர் ஆணும் அவனருகே வலக்கையை உயர்த்திய ஒரு பெண்ணும் செதுக்கப்பட்டிருந்தனர். பெண்ணின் மணிக்கட்டில் வளையல்கள்.

போன மாதம் திண்டுக்கல் அலுவலகத்தில், புகைப்படத்தை மட்டும் பார்த்து இதற்கு அவள் வகை குறித்திருந்தாள். தொல்பொருள் கணக்கெடுப்புக்கென்று தரப்பட்ட பட்டியலில் நாற்பத்து மூன்று சொற்கள். ஒரு பொருளுக்கு ஒரே சொல். உயர்த்திய கை, வளையல், பக்கத்தில் கணவன் என்றால் சதிக்கல்: கணவனின் சிதையில் இறங்கியவளுக்கு நட்டது. நான்கு விநாடிகூட ஆகியிருக்காது. இன்று நேரில் பார்த்து உறுதிசெய்துவிட்டால் பெயர்ப்பலகை வந்துவிடும்.

“அவ தீயில விழுந்தான்னு யாரு சொன்னா?” என்றாள் அந்தச் சோளக்காட்டின் சொந்தக்காரி அய்யம்மாள். “நீ பாத்தியாத்தா?”

“நான் எப்படிம்மா பாத்திருப்பேன்? கை ஒசந்திருக்குல்ல.”

“அடிக்க ஓங்குறா. புருசன் செத்த பெறகு, வந்த புலிய அடிச்சு வெரட்டிப்புட்டு, புள்ளைகள ஆளாக்குனவ அவ. கையத் தூக்குனவளெல்லாம் செத்துட்டான்னா, பஸ்ஸ நிப்பாட்ட நானுந்தான் தெனம் கையத் தூக்குறேன். என்னையும் எழுதிக்க.”

ஜீவிதாவுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. வேலியோரம் பைக்கில் சாய்ந்திருந்த பெருமாள்சாமி, அய்யம்மாளின் கொழுந்தன், சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிப் பொங்கலன்று இந்தக் கல்லின் முன் முதல் கை அரிசியைப் பானையில் இடுவது அந்த வகையறாவில் கணவனை இழந்தவள்தான். அன்று ஒரு நாள் அவள் கை நிறையக் கண்ணாடி வளையல் அணிவாள். ஒன்பது வருடமாக அவள் அய்யம்மாள்.

“கவர்மெண்டே எழுதிட்டா அப்புறம் என்ன மதினி?” என்றார் பெருமாள்சாமி. “புருசனோட போன சாமிக்கு சுமங்கலிதான் பொங்கல் வைக்கணும். நாங்களா சொல்றோம்? மேடம் சொல்றாங்க.”

ஜீவிதா எழுந்து வரப்பில் சற்று தூரம் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்து மேலாளர் ஸ்டான்லியைக் கைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“வழக்கமெல்லாம் ஆதாரம் ஆகாது ஜீவிதா. கல்லுல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிரு.”

அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் அவளை அரித்தது. பட்டியலின் கதையைக் கல்லின்மீது ஏற்றியது பிழையென்றால், அய்யம்மாளின் கதையை ஏற்றுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அவள் விரும்பியதோ இரண்டாவதைத்தான். அந்த விருப்பத்தையே அவள் சந்தேகித்தாள்.

“கொஞ்சம் தண்ணி ஊத்துறீங்களாம்மா? நனைஞ்சா செதுக்கல் தெளியும்.”

அய்யம்மாள் வாய்க்காலில் குடத்தை முக்கி எடுத்து வந்து ஊற்றினாள். கல் கறுத்தது. பெண்ணின் காலடியில், இயல்பான புடைப்பு என்று ஜீவிதா ஒதுக்கியிருந்த மேடு, ஒரு முதுகைப்போல் வளைந்து எழுந்தது. அதன் முனையில் நெளிவது வாலா, வெறும் விரிசலா? புலியோடு மோதியவர்களின் கல்லுக்குப் பட்டியலில் வேறு சொல் இருந்தது. அவசரமாகப் படமெடுத்தாள். திரையில் வெயிலின் பளபளப்பு மட்டுமே விழுந்தது. நிமிர்வதற்குள் ஓரங்கள் காய்ந்து வெளுத்து, முதுகு பாதி கரைந்துவிட்டது.

“என்ன மேடம், முடிஞ்சுதா?” என்றார் பெருமாள்சாமி.

“செத்த நேரம் பொறுங்கண்ணே.”

“நீ கண்ண எடுக்காமப் பாரு,” என்று சொல்லிவிட்டு அய்யம்மாள் குடத்தோடு வாய்க்காலுக்கு விரைந்தாள்.

மறுபடி தண்ணீர் விழுந்தது. கல்லில் வழிந்து, மண்ணில் நுரைத்து, சோளத் தூர்களுக்குள் ஓடியது. முதுகு எழுந்தது, முனை நெளிந்தது. ஜீவிதா முகத்தைக் கல்லோடு நெருக்கினாள். முனையிலிருந்து, கறுப்பு மெல்ல வெளுக்கத் தொடங்கியிருந்தது.