மாதர் கூட்டத்தில் ஒரே ஒரு சேலை

வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அன்று மாதர் சமத்துவக் கூட்டம். பிற்பகல் மூன்று மணிக்கே மாரியம்மன் கோயில் முன்றல் நிறைந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வேட்டியும் கோட்டும் தலைப்பாகையும். சேலை ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அது அம்மன் உடுத்தியிருந்தது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையிலிருந்து இறங்க ஐந்து மணிக்கு மேலாகும். கூட்டத்துக்கு நேரம் குறித்த ஆண்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். நம் ஆண் இனத்துக்கே உள்ள மறதி!

தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் ஒரு மணி நேரம் சமத்துவம் முழங்கினார். சங்கக் கமிட்டிக்கு ஒரு பெண்ணாக அவருடைய மனைவி நாகலெட்சுமியை ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். தலைவர் மனைவி என்பதற்காக அல்ல. பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்வந்த தாய்மாருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட கணக்குப்பிள்ளையின் முன்னால், கொழுந்துக் கூடையோடு சப்பணமிட்டு உட்கார்ந்து, முழுப்பேர் போட வைத்தவள் அவள். அதை நிரந்தரமாக்கத்தான் மறுநாள் தோட்ட நிர்வாகியான துரையோடு பேச்சு.

அவள் மலையிலிருந்து இறங்கியதும் கந்தப்பன் ஓடி வந்தார்.

"லெச்சுமி, ஒன்னையக் கமிட்டியில போட்டாச்சு! நாளைக்கு நாலு மணிக்குத் தொரைகிட்ட போறோம்."

"சந்தோசங்க. பேச்சு முடிய இருட்டிரும். பிள்ளைக் காம்பராவுல விட்டிருக்கிற நம்ம புள்ளயத் தூக்கியாறது யாரு?"

கந்தப்பன் பக்கத்தில் நின்ற சங்கத் தோழன் வீரய்யாவைப் பார்த்தார். வீரய்யா வானத்தைப் பார்த்தான்.

"அது பொம்பளைங்க போற எடம் தலைவரே. ஆம்பள போனா லயத்து வீடு அத்தனையும் சிரிக்கும்."

"அப்ப நீங்களே போயி பேசுங்க," என்றாள் நாகலெட்சுமி. "பால் கட்டிக்கிட்டு மார் வலிக்கிற கதைய தொரைகிட்ட நல்லா வெளக்கிச் சொல்லுங்க."

பின்னால் வந்த பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள். கந்தப்பன் சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியவள் போகாவிட்டால் அரைப்பேர் திரும்பி வந்துவிடும் என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாள் நாகலெட்சுமி மலையிலிருந்து நேரத்தோடு இறங்கி, நாலு மணிக்குத் துரையின் பங்களாவுக்கு ஏறினாள். கந்தப்பன் கோட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினார்.

"என்னங்க தலைவரே, இங்கயும் மீட்டிங்கா?" என்றாள் ஆயா ஜோசப்பின்.

"புள்ளயத் தூக்க வந்தேன்."

"தூக்குங்க."

வரிசையாகத் தொங்கிய துணித் தொட்டில்களில் ஒன்றைத் தைரியமாகக் காட்டினார்.

"அது செல்லசாமி மக."

இரண்டாவது முறை சரியாகக் காட்டினார். லயம் சிரிக்கத்தான் செய்தது. வாசலைத் தாண்டுவதற்குள் மகன் அவர் கோட்டை நனைத்துவிட்டான்.

இருட்டும் நேரத்தில் நாகலெட்சுமி வந்தாள். "தொரை ஒத்துக்கிட்டாருங்க! இனிமே முழுப்பேர்தான். அடுத்தது ஆம்பளைங்களுக்குச் சமமான சம்பளம். ஒரே மழையிலதான நனையிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் கொறச்சல்?"

அதற்குத் துரை மட்டுமல்ல, இன்னும் பலர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், கேட்காமல் விடுகிறவளாகத் தெரியவில்லை.

"தலைவரே, கோட்டு நாறுது," என்று அங்கே வந்த வீரய்யா இளித்தான்.

கந்தப்பன் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நாறட்டும்டா. பொம்பளைக்கு நாற்காலி போட்டுட்டுக் கை தட்டுனா மட்டும் சமத்துவம் வந்துராது. அவ வந்து ஒக்காரணும்னா, அவ இடுப்புல இருக்குறத நாம வாங்கிக்கணும். இந்தா, நீ பழகு!"

ஈரத்தோடு பிள்ளை வீரய்யாவின் கைக்கு மாறியது.