மூலைக்கு மூலை

மூன்றாவது ஒட்டுப்பலகையும் கோணலாகத்தான் வந்தது. தம்பி அதைத் தூசி தட்டி, கணினியின் விசைப்பலகைமேல் வைத்துப் பார்த்தான். இடது ஓரத்து ஓட்டைகள் எழுத்துகளின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. வலப்பக்கம் போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கடைசி ஓட்டை வழியே தெரிந்தது இரண்டு விசைகளுக்கு நடுவிலிருந்த இடுக்குதான்.

"இதுல விரல விட்டா எனக்கு அழுக்குதான்டா கிடைக்கும்" என்றாள் அக்கா.

அக்கா தொலைக்காட்சித் தொடர்களுக்கு சப்டைட்டில் எழுதுபவள். ஒரு வருடமாக அவள் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டால் அதுவே நான்கைந்து முறை விழும், பக்கத்து எழுத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வில்லன் "வா" என்று மிரட்டினால், திரையில் "வாவாவா" என்று குழந்தையைக் கொஞ்சுவான். மாத்திரை நடுக்கத்தைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை. பேசினால் எழுதிக்கொள்ளும் செயலியையும் முயன்று பார்த்தாள். காதில் தொடரின் குரல், வாயில் தன் குரல், இரண்டும் முட்டிக்கொண்டன. வேலை கொடுப்பவர்கள், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்" என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டின் பின்னறையில் பொழுதுபோக்குக்காக ஒரு சிறிய சிஎன்சி இயந்திரத்தைத் தானே பூட்டி நிறுத்தியிருந்தான். கணினி காட்டும் கோட்டில் மரத்தைக் குடையும் இயந்திரம் அது. விசைக்கு ஓர் ஓட்டையாகப் பலகை வெட்டி மேலே மூடிவிட்டால், கை பலகைமேல் கிடக்கும், விரல் மட்டும் ஓட்டைக்குள் இறங்கும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பலகையை மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தான். இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும், ஒன்று ஒரு நூல் கூடுதலாக இருந்தது. வெட்டும் பிட்டைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் ஓடுகிற குறுக்குப் பாலத்தைக் கேன்ட்ரி என்பார்கள். அதை இழுக்க இடமும் வலமுமாகப் பக்கத்துக்கொரு மோட்டார். பாலம் வலப்பக்கம் முந்திக்கொண்டு சாய்ந்து நின்றது. தம்பி திருகுகளைத் தளர்த்தினான், இரு முனைகளையும் பின்சட்டத்தோடு முட்டவைத்தான், மறுபடி முறுக்கினான்.

"போன தடவையும் இதத்தானே செஞ்ச?"

"ஆமாக்கா."

"நிக்கும்போது நேரா நிக்குது. ஓடும்போது மட்டும் ஏன்டா கோணிக்குது?"

தெரிந்தால் சொல்லமாட்டானா? அக்கா முக்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிட் மாட்டாமல் வெறுமனே ஓட்டினான். இடப்பக்கத்து ஒயர்க் கற்றை பாலத்தில் உரசியது. சிக்கிக்கொள்ளப் போகிறதே என்று அவள் அதைக் கையில் தூக்கிப் பிடித்தாள். உடனே இடது மோட்டார் கர்ரென்று விக்கியது. பாலத்தின் வலது முனை முன்னே போக, இடது முனை நின்ற இடத்திலேயே உதறியது.

"கைய எடுக்கா! உன் கை ஆடுது!"

இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான், சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அக்கா வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டாள். தம்பி ஸ்பேனரைத் துடைத்தான்.

"ஆடுதுதான்" என்றாள். கோபம் தெரியவில்லை. மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறவளின் இழுவைதான் தெரிந்தது. "ஆனா நான் ஒயரத்தானே தொட்டேன்? மோட்டாரையா புடிச்சு ஆட்டினேன்? ஒயர் ஆடினா மோட்டார் ஏன்டா திக்கணும்?"

தம்பி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைத் தடவிக்கொண்டே மோட்டார்வரை போனான். கனெக்டரில் நான்கு ஒயர்கள். மூன்றை இழுத்தும் அசையவில்லை. நான்காவது கூப்பிட்டதும் கூடவே வந்துவிட்டது. உள்ளேயிருந்த தகடு செம்பை விட்டுவிட்டு மேலுறையைக் கடித்திருந்தது. ஒன்றிரண்டு இழைகள்தான் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. ஒயர் ஆடியபோதெல்லாம் இடது மோட்டார் அடி தவறியிருக்கிறது. அது வலதுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குப் போயிருக்கிறது.

"இத மாட்டினது யாரு?"

"நானேதான். திட்டக்கூட வேற ஆளில்ல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "இந்தக் கைய உன்கிட்ட வேலைக்கு வெச்சுக்கோ."

"அக்கா, நான் அப்ப சொன்னது…"

"ஒயரப் பாருடா."

புதுத் தகடு வைத்து நெரித்து, இழுத்துப் பார்த்து, பாலத்தை மறுபடி நேராக்கி, நான்காவது பலகையை வெட்டினான். டேப்பின் ஒரு முனையை அக்காவே அழுத்திக்கொண்டாள். மூலைக்கு மூலை ஒரே அளவு. நம்பாமல் திருப்பி ஒருமுறை அளந்தார்கள்.

ஓட்டைகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தான். அக்கா பலகையை விசைகளின் மேல் பொருத்தி, கையை அதன்மேல் இறக்கினாள். என்ன எழுதலாமென்று கொஞ்சம் யோசித்தாள். ஆள்காட்டி விரல் பலகையில் தடவிக்கொண்டே போய் ஓர் ஓட்டைக்குள் இறங்கியது. மற்ற விரல்கள் தகரத்தில் விழும் தூறல்போல மரத்தில் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தன. திரையில் ஒரே ஓர் எழுத்து. அதன் பக்கத்தில் கர்சர் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.