மலைக்கு மேற்கே முதல் வெயில்

"நாளைக்கு ரெண்டு காட்சி. சூரிய உதயம், அப்புறம் வெயில்ல வயல் வேலை. ரெண்டும் அடி அண்ணாமலை. காலைல ஆறு மணிக்கு நாப்பது பொம்பளைங்க வந்துடணும். குரூப்ல போட்டுடு."

தயாரிப்பு மேலாளர் சக்கரபாணி நீட்டிய காகிதத்தை வேதா வாங்கவில்லை. படப்பிடிப்பு நிர்வாகம் கற்றுக்கொள்ள அவரிடம் சேர்ந்து ஆறு வாரம். வேன் பிடிக்கவும் நூறு பேருக்கு டிபன் சொல்லவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். எதிர்த்துப் பேசுவது மட்டும் அவளுக்குச் சொந்தச் சரக்கு.

"அந்நேரத்துக்கு எங்க ஊர்ல சூரியன் வராது சார்."

"ஏன், லீவா?"

உதவியாளர்கள் சிரித்தார்கள்.

"ஊருக்குக் கெழக்கால மலை நிக்குது, மறைக்கும் சார். தை மாசத்துல வெயில் எறங்க எட்டாயிடும். உதயத்தை வேங்கிக்கால் ஏரிக்கரையில எடுத்துட்டு அப்புறம் அங்க போலாம்."

"முப்பது படம் பண்ணவன் நானு. எனக்கே சூரியனைக் காட்டுறியா?"

வேதா செல்போனை எடுத்தாள். தன் கணக்குப்படியே ஆறுக்கு ஏரிக்கரை, எட்டுக்கு அடி அண்ணாமலை என்று தட்டினாள். அடியில் தன் பெயரையும் போட்டுக் குரூப்பில் அனுப்பிவிட்டாள்.

சக்கரபாணியின் முகம் சிவந்தது. "அழி அதை! இல்லேன்னா பையத் தூக்கிக்கினு கெளம்பு."

"அழிக்க மாட்டேன் சார். தப்பாயிட்டா நானே கெளம்பிடறேன்."

அதற்குள் இயக்குநர் புகழேந்தியிடமிருந்து 'ஓகே' வந்துவிட்டது.

மறுநாள் ஏரிக்கரையில் உதயம் குறையின்றி முடிந்தது. யூனிட் அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது வயலெல்லாம் நிழல். எட்டு மணி ஆயிற்று. எட்டேகாலும் ஆயிற்று.

"இன்னாடி, உங்க படத்துக்கு வெயிலையும் நாங்கதான் கொண்டாரணுமா?" என்று கேட்டாள், நாற்பது பேரில் ஒருத்தியாக நடிக்க வந்திருந்த வேதாவின் சித்தி கன்னியம்மாள்.

சக்கரபாணி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கெளம்புறியா?"

எல்லோரும் மலை உச்சியையே பார்க்க, வேதா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மேற்குக் கோடியில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை பளிச்சென்றது. அடுத்த கொல்லை, அதற்கடுத்தது என்று வெயில் மலையை நோக்கி வந்தது.

"கேமரா ரெடி!" என்று கத்தினாள்.

காட்சி முடிந்ததும் புகழேந்தி வந்தார். "பிரமாதம்! யாரு போட்ட பிளான் இது?"

"நம்ம டீம்தான் சார்" என்றார் சக்கரபாணி.

"டீம் இல்ல சார், நான் போட்டது" என்றாள் வேதா. "இவரு அழிக்கச் சொன்னாரு, நான் அழிக்கல."

புகழேந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேதா தலை குனியவில்லை. சக்கரபாணியிடம் கையை நீட்டினாள்.

"நாளைக்கு எடுக்கப் போற காட்சியெல்லாம் குடுங்க சார். நேரம் நான் போடறேன்."