துடைத்துக் கொடுத்த கத்தி

வேய்ன் கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைத் துடைத்துக் கொடுத்தான். அங்கேதான் எனக்கு இடித்தது. கப்பல் பட்டறையின் கருவி ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். ஸ்பானர் வேண்டுமென்றால் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போக வேண்டும். ஸ்பானர் திரும்பி வந்தால்தான் வில்லை திரும்பும். எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் அது நம் ஸ்பானர். பளபளவென்று வந்தால், நம்முடையது கடலுக்கடியில் கிடக்கிறது, ஆள் வேறொன்றை வாங்கி வந்து சமாளிக்கிறான் என்று அர்த்தம். இந்த விஷயத்தில் என்னை ஏமாற்றியவர்கள் குறைவு.

வேய்ன் என் மகள் நிக்கோலைக் கட்டப்போகிறவன். ஆங் மோ கியோ வட்டாரத்துப் பையன், கணினி வேலை, சிரித்த முகம். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர்களிடம் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. கோயில் இளையோர் குழுவோடு புலாவ் உபின் தீவில் இரண்டு நாள் தங்கப்போகிறோம், அங்கிளிடம் கூடாரம், அடுப்பு எல்லாம் இருக்கிறதாமே என்று வந்து நின்றான். நான் முப்பது வருடம் தீவு தீவாகக் கூடாரம் போட்டவன். ஸ்டோர் ரூமில் எல்லாம் துணி சுற்றி வைத்திருக்கிறேன். கூடாரத்தையும் அடுப்பையும் எடுத்துக் கொடுத்தேன். நிக்கோல் பார்த்த பார்வையில் கத்தியையும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

சிவப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. எண்பத்தொன்பதில், கல்யாணமாகி முதல் வருடம், நான் ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கிளம்பியபோது என் மனைவி அல்போன்சம்மாள் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. தையல் ஊசியை அடுப்பில் காய்ச்சிப் பிடியில் 'சூ' என்று எழுதியிருந்தாள். சூசைநாதன் என்று என் பெயரை முழுதாக எழுத இடமும் இல்லை, அவளுக்குப் பொறுமையும் இல்லை. அவள் போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய புடவைகளை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள், நகை நிக்கோலுக்கு. எனக்கென்று இருப்பது இதுதான்.

அந்தக் கத்தியைத்தான் அவன் எண்ணெய் போட்டு, அலகைத் தீட்டி, மடிப்புகளில் இருந்த அழுக்கையெல்லாம் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்துக் கொண்டுவந்து நீட்டினான். அலகின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'சூ' இருந்தது. ஆனால் அதன் சுழி கொஞ்சம் அகலமாகிவிட்டதுபோல் பட்டது. நம் நினைவுதான் பிசகுகிறதோ என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜாலான் புசாரில் ஜாஃபரின் கடைக்குப் போனேன். ஆணி முதல் அரம் வரை விற்கிற பழைய கடை. அவர் கத்தியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தி நல்ல கத்திதான், ஆனால் எண்பத்தொன்பதில் வந்தவற்றில் இந்த முத்திரை கிடையாது, இது ரொம்பப் பிறகு வந்த சரக்கு, இப்போதும் இதே மாதிரி கிடைக்கும் என்றார். வேண்டுமானால் ஒன்று எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேக்கா சந்தை வரை நடந்து போய் ஒரு டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். துக்கம் பாதி. மீதி என்ன என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். நான் நினைத்தது சரியாகிவிட்டதே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீவில் தொலைத்திருக்கிறான். புதிது வாங்கியிருக்கிறான். ஆனால் 'சூ'வை அவனால் எழுத முடியாது. தமிழில் அவன் பெயரையே அவன் யோசித்துத்தான் எழுதுவான். அப்படியானால் எழுதிக் கொடுத்தது யார்? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நிக்கோலின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னப்பா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று. யாரும் எதையும் தெரிவித்து நான் கேட்டதில்லை. இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் நான் போய்த் தெரிவித்தேன். ஃபாதர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கத்தியா என்று இரண்டு தடவை கேட்டார். கத்தியில்லை ஃபாதர், நாணயம் என்றேன். சின்னப் பொருளில் பொய் சொல்கிறவன் என் பெண்ணிடம் எதில் சொல்லமாட்டான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, விசாரிக்கிறேன், அதுவரை மூன்றாம் ஓலை நிற்கட்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரே போன் செய்தார். வேய்ன் ஒப்புக்கொண்டுவிட்டானாம். தொலைந்துவிட்டது, பயத்தில் வேறு வாங்கி வைத்தேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்றானாம். அன்று நான் கடையில் நண்டு வாங்கி வந்து சமைத்தேன். நிக்கோல் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், முதல் நாளே எனக்குத் தெரியும், முழியைப் பார்த்தாலே தெரியும் என்று ஆரம்பித்தேன். ஸ்பானர் கதையையும் சொன்னேன். அவள் நண்டைத் தொடவில்லை.

"அவன் பொய் சொல்றான்ப்பா," என்றாள்.

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன்.

"இல்லப்பா. தொலைக்கல. நீங்க குடுத்த அதே கத்திதான். டீப் கிளீன் பண்ணிட்டான், அவ்ளோதான். ஒரிஜினல தொலைச்சது அம்மா."

இரண்டாயிரத்து ஒன்பதில் வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும்போது நடந்ததாம். திருச்சி விமான நிலையத்தில் சோதனைக்கு ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. என் தோள்பையை அல்போன்சம்மாளிடம் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். பையில் கத்தி இருந்தது. மறந்துபோய் வைத்தவன் நான். ஒரு பெண் அதிகாரி அதை எடுத்துப் பறிமுதல் பெட்டியில் போட்டுவிட்டாள். அல்போன்சம்மாள் கெஞ்சியிருக்கிறாள். பன்னிரண்டு வயது நிக்கோல் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இங்கே திரும்பி வந்து நாலு கடை ஏறி இறங்கி அதே மாதிரி ஒன்று வாங்கினாளாம். நான் முகாமுக்குப் போனால்தான் கத்தியைத் தேடுவேன், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சாவிக்கொத்தோடு துணியில் கட்டிக் குலுக்கினாளாம்.

"ரெண்டு நாள் பால் ஊத்தாத கோப்பி ஓல ஊற வெச்சாங்க. பழசு மாதிரி தெரியணும்னு. அப்புறம் ஊசி காச்சி திரும்பவும் எழுதினாங்க. கை சுட்டுக்கிட்டாங்க, நான்தான் மருந்து போட்டேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க எப்படிக் கத்துவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா லா?"

ஃபாதர் கூப்பிட்டு விசாரித்தார் என்று வேய்ன் வந்து சொன்ன திங்கட்கிழமையே அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அவன்தான், அங்கிளுக்குத் தெரிய வேண்டாம், அவரிடம் அது ஆண்ட்டியின் கத்தியாகவே இருக்கட்டும், நான் தொலைத்ததாகச் சொல்லிவிடுகிறேன் என்றானாம். நான் நண்டை உடைத்துக்கொண்டே அவன் முழியைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டுகளைக் கழுவினேன். பதினாறு வருடம் என் முகாம் பையில் இருந்த பொய்யை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வேறு எதையெல்லாம் மாற்றி வைத்தாளோ என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய வேளாங்கண்ணி மாதாவையும் பார்த்தேன். என் புத்தி அப்படி.

அப்புறம் 'சூ'வைத் தடவிப் பார்த்தேன். என்மேல் இருந்த பயத்தில் கை சுட எழுதியிருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை. அழுதேன்.

சனிக்கிழமை காலை ஃபாதர் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார். நிக்கோல் உள்ளே வர மறுத்து வாசலிலேயே இருந்துவிட்டாள். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. நானும் வேய்னும் ஃபாதர் முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். சிரித்த முகம் இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு என்னோடது ஃபாதர். கத்திய நான்தான் தொலைச்சேன், ரொம்ப வருஷம் முன்னாடி. புதுசு வாங்கினதே மறந்துபோச்சு. வயசாகுதில்ல."

செத்தவளைப் பங்குத்தந்தையிடம் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேய்ன் சும்மா இருந்தானா?

"இல்ல ஃபாதர், அங்கிள் எனக்காகச் சொல்றாரு. நான்தான்."

நான் மாற்றினேன் என்று நான். இல்லை நான்தான் என்று அவன். கொஞ்சம் குரல்கூட உயர்ந்தது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு அவர் பார்த்திருக்க மாட்டார். கடைசியில், கல்யாணத்துக்குத் தடை எதுவும் இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். இல்லை என்றேன். நாளைக்கு மூன்றாம் ஓலை வாசிக்கிறேன், கிளம்புங்கள் என்றார்.

தாழ்வாரத்தில் வேய்ன் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி வந்தான். திரும்பி அவனைப் பார்த்தேன். முழியில் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறானே என்று ஒரு நிமிடம் பழைய சந்தேகம் தலைதூக்கியது. என் வீட்டுப் பெண்கள் பதினாறு வருடம் சொன்னதை இவன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றேன். ஆமா அங்கிள் என்றான்.

வாசலில் மரத்தடி பெஞ்சில் நிக்கோல் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியானது. அது எனக்கா, அவனுக்கா என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.