ஜெகதீஸ்வரியின் கோடிச்சேலை

பரளச்சியில் செத்தவர்களைக் கூட்டிப்போக இப்போதெல்லாம் எமன் வருவதில்லை. கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்ட கொரியாக்காரர் ஒருவர் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறார். நரிக்குடிக்காரர்கள் இதை நம்புவதில்லை. அவர்கள் நம்பாததால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எல்லாம் தங்கச்செல்வியின் தையல் கொட்டகையில் ஆரம்பித்தது. அங்கே ஒன்பது பெண்கள் உள்பாவாடை தைக்கிறார்கள். மிஷின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, தமிழில் பேசும் கொரியத் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். செத்த பிறகு மனிதர் எங்கே போகிறார், யார் வந்து கூட்டிப்போகிறார் என்பதுதான் கதை. பதினாறு பாகம், நாலு தடவை பார்த்தார்கள். அதில் சாவு வீட்டு வாசலில், தூரத்திலிருந்து நடந்து வரும் தூதருக்கென்று மூன்று பங்கு சோறும் மூன்று ஜோடி வைக்கோல் செருப்பும் வைப்பார்கள். தூதர் பட்டியலைப் பார்த்து மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றாவது முறை எழுந்து போய்விட வேண்டியதுதான். பார்த்துப் பார்த்து அவர் ஒன்பது பேருக்கும் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். இவ்வளவு பழகிய பிறகு வராமல் இருப்பாரா?

ஒன்பது பேரில் ஒருத்தி ஜெகதீஸ்வரி. நரிக்குடி மளிகைக்கடை வீட்டுப் பெண். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், லோடு வேன் ஓட்டும் ஜான்ராஜைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் என்பதால் அவள் அண்ணன் சுந்தரபாண்டி அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். அதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆனால் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, டாக்டர்கள் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியபோது ஒன்றே ஒன்று கேட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் போகிறவளை எங்கள் பக்கம் நாதியற்றவள் என்பார்கள். அந்தப் பேச்சு தனக்கு வரக் கூடாது என்றாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்குத் தூதர் வந்தார். உயிர் இருக்கும்போதே வைக்கலாமா கூடாதா என்று யோசிக்காமல், தங்கச்செல்வி காலையிலேயே ஜெகதீஸ்வரி வீட்டு வாசலில் மூன்று தட்டு சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி வைத்திருந்தாள். வைக்கோல் செருப்புக்கு எங்கே போவது? ரப்பர் செருப்பு வைத்தாள். தூதருக்கு உதடு முதலில் அசைந்தது, தமிழ் பின்னால் வந்தது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. வாசலில் நின்று, “ஜெகதீஸ்வரி, ஜெகதீஸ்வரி” என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

“அண்ணே, பசியோட வந்திருப்பீக. சாப்பிட்டுட்டு மிச்சத்தக் கூப்பிடுங்க” என்றாள் அவள், கட்டிலில் கிடந்தபடியே.

மூன்று தட்டையும் காலி செய்தார். உறைப்பில் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வடிந்தது. கை கழுவிவிட்டு வந்தவரிடம் அவள் சொன்னாள்: “எம் பொறந்த வீட்டுக் கோடி இன்னும் வரலண்ணே. அது வராம நான் எந்திரிக்க மாட்டேன்.”

வயிறாரச் சாப்பிட்ட வீட்டில் அவசரப்படுத்த முடியுமா? பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள் உட்கார்ந்தார். அந்த ஒன்பது நாளும் எம்.ரெட்டியபட்டி முதல் நரிக்குடி வரை ஒரு சாவு விழவில்லை. மேளக்காரர்கள் சும்மா கிடந்தார்கள். நாலாம் நாளிலிருந்து பொழுது போகாமல் தூதர் கொட்டகைக்குப் போய் உள்பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுத்தார். சாவையே காக்க வைத்தவள் எங்கள் ஊர்க்காரி. இதைச் சொல்ல எங்களுக்கு என்ன கூச்சம்?

எட்டாம் நாள் தங்கச்செல்வி நரிக்குடிக்குப் போய்ச் சுந்தரபாண்டியிடம் சொன்னாள். அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே, “எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாதும்மா” என்றார், கடையில் நாலு பேர் நிற்கும்போதே. பொய் சொல்லத் தெரியாத தங்கச்செல்வி வந்து அப்படியே ஒப்பித்தாள். ஜெகதீஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இந்த ஊரில் அண்ணன் என்று ஒருத்தி கூப்பிட்டால், அவன் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார் தூதர்.

“என்ன செய்யணுமா? கோடி கொண்டாரணும்” என்றாள் தங்கச்செல்வி எரிச்சலோடு.

மறுநாள் காலை அவர் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி இறங்கியபோது கையில் தாம்பாளம், அதில் கத்தரிப்பூ நிறப் பட்டு. பிறந்த வீடு ஒற்றை ஆளாக வந்தால் நன்றாக இருக்காது என்று கொட்டகைப் பெண்கள் எட்டுப் பேரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கே போய் அவர் பின்னால் நின்றார்கள். மேளம் முன்னால் போனது. தெருவே வெளியே வந்து பார்த்தது. ஜான்ராஜ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கை கூப்பினார்.

“வாங்க மச்சான்” என்றார்.

கோடி என்பது போர்த்தப்படுகிறவள் பார்க்கிற சேலை இல்லை. தன் கோடியைத் தன் கண்ணால் பார்த்தவள் இந்த வட்டாரத்தில் ஜெகதீஸ்வரி ஒருத்திதான். முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள், சரிகையைத் தடவினாள். “நல்லா எடுத்திருக்கீகண்ணே” என்றாள். தூதர் பட்டியலைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, “தங்கச்சி, போகலாமா?” என்று கேட்டார். சேலையைப் போர்த்திக்கொண்டு அவள் எழுந்தாள். இரண்டு பேரும் மூன்றரை மணி பஸ்ஸில் போனார்கள். கட்டிலில் கிடந்த உடம்பை நாங்கள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போனோம்.

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தபோது, பிறந்த வீட்டார் என்ற இடத்தில் ‘கொரியா’ என்று போடச் சொன்னார் ஜான்ராஜ். கடைக்காரர் கொரியாவில் எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றதும் அப்படியே அடித்துக் கொடுத்தார். அதை நரிக்குடியில், மளிகைக்கடைக்கு நேர் எதிரே கட்டினோம். இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை.