வரப்புப் பலாவும் வரகுப்பாறை வழக்கும்

"குழி தோண்டுனது எங்க மாமனாரு! வரப்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு கண்ணத் தொறந்து பாரு நங்கே!" என்று முழங்கினாள் மயிலம்மாள்.

"கன்னு நட்டது எங்க மாமியா! வெறுங்குழியில பலா காய்க்குமா? அப்படீன்னா உங்கூட்டுக் குப்பைக்குழியிலயும் காய்ச்சிருக்கோணுமே!" என்று எதிர்முழங்கினாள் அங்கம்மாள்.

இளவெயில் போதமலை முகட்டில் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் வழிந்து, அடிவாரத்து மரவள்ளிக் கொல்லைகளின்மேல் பரந்து, தொலைவில் இராசிபுரத்துக் கூரைகளையும் அவற்றுக்கும் அப்பால் நாமக்கல் வெளியின் தென்னந்தலைகளையும் ஒருங்கே தழுவிநின்ற அந்த இனிய காலையில், குயிலொன்றும் கூவாதிருந்தமைக்கு, நல்லீர், வேறெதனையும் ஐயுற வேண்டா. இவ்விரு நங்கையர் நடுவே தம் குரல் எடுபடாதென்று அவை நெடுநாளைக்கு முன்பே கண்டுகொண்டு ஊர்மாறிவிட்டன.

வரகுப்பாறை என்னும் அச்சிற்றூரில் முப்பத்திரண்டு குடியினர், மலைப்பழங்குடி மக்கள், பாட்டன் பூட்டன் நாளிலிருந்தே சரிவைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி வரப்பாக்கி, வரகும் சாமையும் விதைத்து வாழ்ந்துவருபவர். அவர்களுள் மயிலம்மாளுக்கும் அங்கம்மாளுக்கும் கொல்லைகள் இரண்டு, வரப்பு ஒன்று, அவ்வரப்பின்மேல் பலா ஒன்று. பூசலோ மூன்று தலைமுறைக்கு உரியது. மாமியார் விட்ட இடத்தில் மருமகள் தொடங்குவது அவ்விரு வீட்டிலும் மணநாள் முதற்கொண்டே பழகிவந்த கடமை. இவையெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியும் என்பீராயின், நம் வேலி தாழ்ந்தது. செவியோ சற்றே நீண்டது.

இனி, இவ்வூரின் நெஞ்சை அறுத்த செய்திக்கு வருவோம். அந்நிலத்தை முப்பது ஆண்டுக்கு முன்பிருந்தே உழுதுவந்தவர் எவரோ, அவர்க்கே உரிமை எழுதித்தர அரசு முன்வந்த வேளையில், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் பலவற்றை உடைய பூபதி என்பார், எங்கிருந்தோ ஓர் ஆவணத்தைக் கொணர்ந்து நீட்டினார். முப்பது ஆண்டுக்கு முன் தம் தந்தையார் வாங்கிய வெற்றுத்தரிசு அது என்றும், இம்மக்கள் மலையிலிருந்து நேற்றிறங்கிக் குடிசை போட்டவர் என்றும், தாம் அங்கே செல்வர் வந்து தங்கிக் களிக்கும் மாளிகை எழுப்பப்போவதாகவும் உரைத்தார். உழவறிந்த மக்களிடம் மாட்டுக்குக் கணக்கிருந்தது, மழைக்குக் கணக்கிருந்தது, நிலம் தமதென்னும் தாள்தான் இல்லை. கோட்டாட்சியர் அம்மையார் வரும் புதன்கிழமை நேரில் வந்து கேட்டறிவார் என்றும், அன்று சான்று காட்டாவிடில் ஊரே பெயர வேண்டும் என்றும் ஓலை வந்தது.

ஊர்த்தலைவர் செங்கோடன் அஞ்சினார். அவர் அஞ்சியது பூபதியை அன்று. இவ்விரு பெண்களின் வாயை.

"ஆத்தா, சண்டை இருக்கற கொல்லைக்காட்டுக்குப் பட்டா தரமாட்டாங்க. அன்னைக்கு ஒரு நாளாச்சும் வாயக் கட்டிக்கிட்டு ஒத்துமையா நில்லுங்க. உங்க சண்டைக்குன்னு சேத்து வெச்ச அந்தப் பழைய தாளுக்கட்டு இருக்குதே, அதையும் பரண்மேல போட்டு மூடுங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்று இருவரையும் கருப்பனார் கோயிலுக்கு அழைத்துச் சென்று, சூடம் ஏற்றி, ஆணையும் வாங்கிக்கொண்டார்.

புதன் புலர்ந்தது. பெண்கள் மஞ்சள் பூசி, ஆண்கள் வெள்ளை உடுத்தி, மணவீட்டார்போல் வரிசையாக நிற்க, கோட்டாட்சியர் வேம்பின் நிழலில் நாற்காலியிட்டு அமர்ந்தார். பூபதி தோல்பையைத் தொடைமேல் வைத்துப் பூனை பால்கலயத்தைப் பார்ப்பதுபோல் நிலத்தைப் பார்த்திருந்தார்.

"உங்கள் எல்லை எதுவரை? இந்தப் பலா யாருடையது?" என்று கேட்டார் கோட்டாட்சியர்.

மயிலம்மாள் தேன்குழைத்த குரலில், "அது அங்கம்மா நங்கையோடதுங்க" என்றாள்.

அங்கம்மாள் அதனினும் இனிப்பாக, "இல்லீங்க, மயிலு நங்கையோடதுங்க. நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க" என்றாள்.

நல்லீர், அறுபது ஆண்டுப் பகை ஒரு நொடியில் விருந்தோம்பலாய் மாறிய அவ்வியப்பைக் கண்டு ஊரார் உவந்தனர். ஆனால் கோட்டாட்சியரின் புருவம் நெரிந்தது. அடுத்து நின்றவரும், அதற்கடுத்தவரும், செங்கோடன் சொல்லிக்கொடுத்தவாறே எல்லாம் எல்லார்க்கும் பொது, எவர்க்கும் எல்லையில்லை என்று கிளிகள்போல் மிழற்றக் கேட்ட பூபதி, வாய்விட்டு நகைத்தார்.

"பாருங்க அம்மா, எது யாரு காடுன்னு இவங்களுக்கே தெரியல. வந்து குந்துனவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க? அந்தப் பலாவும் யாரும் நட்டதில்லீங்க. குரங்கு துப்புன கொட்டையில தானா மொளச்சது."

கோட்டாட்சியர் எழுதுகோலை மூடினார். அந்நொடியில்தான், ஆணையும் சூடமும் மறந்து, அங்கம்மாளின் கொண்டை அவிழ்ந்தது.

"ஆருடா குரங்கு? எங்க மாமியா இடுப்புல கொடத்தத் தூக்கிக் கோடையில தண்ணி ஊத்தி வளத்த மரம்டா அது!"

"ஏனுங்க நங்கே, தண்ணி ஊத்துனது உங்க மாமியான்னா, குழி வெட்டுனது ஆரு?" என்று மயிலம்மாளும் முந்தானையைச் செருகினாள். "அதச் சொல்லாம வுட்டா எப்படி? மூணடி வரப்ப நவத்துனதையும் சேத்துச் சொல்லு!"

"நவத்துனோமா? அதுக்குத்தானே உங்க மாமனாரு தாலுக்காபீசுல எங்க மேல மனுக் குடுத்தாரு! நாங்களும் திருப்பிக் குடுத்தோமில்ல!"

மூடிய எழுதுகோல் மீண்டும் திறந்தது. "என்ன மனு? எப்போது?" என்றார் கோட்டாட்சியர்.

செங்கோடன் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார். ஆயினும் வெள்ளம் மடையுடைத்தபின் எவர் தடுப்பார்? இருவரும் தத்தம் வீட்டுக்கு ஓடி, ஒருவரை ஒருவர் முந்த முயன்று, பரணிலிருந்து கரிபடிந்த தாட்கட்டுகளைக் கொணர்ந்து அம்மையார் மடியில் குவித்தனர். எழுபத்து நான்கில் ஒரு முறையீடு, எண்பத்தெட்டில் அதற்கொரு மறுப்பு, தொண்ணூற்றொன்றில் இரண்டும் கலந்த மூன்றாவது. ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை. ஒவ்வொன்றின் அடியிலும், 'இருவரும் உழவர். வரப்பைத் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்க' என்னும் வட்டாட்சியரின் சலித்த கையெழுத்து. அதனினும் பெரிய வியப்பு, நான்கெல்லை குறிக்கும்பொருட்டு அயற்கொல்லை உடையோர் பெயரெல்லாம் அவற்றில் இருந்தன. பூசல் என்றால் ஊரில் எவர்தாம் வாளாவிருப்பர்? பாதி ஊர் மயிலம்மாள் வீட்டுக்குச் சான்று. மறுபாதி அங்கம்மாள் வீட்டுக்கு. முப்பத்திரண்டு குடியின் பெருவிரல் மையும் அத்தாட்களில் விண்மீன்கள்போல் சிதறிக்கிடந்தது.

கோட்டாட்சியர் நெடுநேரம் புரட்டினார். பின்னர், சிரிப்பை அடக்கும் முயற்சியில் தோற்றவராய், "பூபதி, ஆளில்லாத தரிசில் ஐம்பது ஆண்டாக இவ்வளவு சண்டை எப்படி நடந்தது?" என்று கேட்டார்.

பூபதி தோல்பையை மூடிக்கொண்டார். செங்கோடனோ மெல்ல எழுந்து, "அம்மணி, இன்னும் ரெண்டு கட்டு எங்கூட்டுலயும் கெடக்குதுங்க. எடுத்தாரட்டுங்களா?" என்றார். ஊரே வெடித்துச் சிரித்தது. அன்று மாலை கருப்பனார் கோயிலில் பறை முழங்க, ஆணையை மீறிய குற்றத்துக்கு இரு பெண்களும் சேர்ந்து பொங்கலிட்டனர். உப்புக் கூடியது எவரால் என்பதில் மட்டும் கருத்து ஒன்றவில்லை.

தை பிறந்தபோது முப்பத்திரண்டு உரிமைத்தாள்களும் வந்தன. அதன்பின் நிகழ்ந்தவற்றையும் சொல்லிவிடுவோம். சொல்லாவிடில் நமக்கு உறக்கம் வாராது. எல்லைக்கல் நட வந்த நில அளவர் நவீன்குமார், ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஒன்பது நாள் வந்தார். மயிலம்மாளின் மகள் கயல்விழி ஒன்பது நாளும் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தாள். வைகாசியில் மணமாகி இருவரும் ஓமலூரில் குடியேறினர். பந்தியின் முதல் வரிசையில் அமர்ந்து, குழம்பில் காரம் போதாதென்று அங்கம்மாள் மும்முறை அறிவித்து, நான்காம் முறையும் வாங்கி உண்டாள். அவள் மகன் அன்பரசு பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண்ணை மணந்து அவ்விடமே தங்கிவிட்டான். பூபதி தம் வண்டிகளோடு வடநாட்டுக்குப் போனார் என்பது கேள்வி. இவ்வாறு, நல்லீர், வரகுப்பாறையினின்று சிலர் பெயர்ந்தனர். தாலி கட்டிப் பெயர்ந்தனர், மாலை சூடிப் பெயர்ந்தனர், ஊரெல்லை வரை வந்து பலர் வழியனுப்பப் பெயர்ந்தனர். துரத்தப்பட்டுப் பெயர்ந்தவர் ஒருவருமிலர்.