பெயர் விடுபட்டவர் ஒருவர், அசல்

முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வாளராகப் பணியில் சேர வருபவர்கள் நான்கு இணைப்புகளைக் கொண்டுவர வேண்டும். பட்டச் சான்றிதழ், புகைப்படம், பணி ஆணை, தங்கள் கட்டுரையில் பெயர் விடுபட்டவர் ஒருவர். முதல் மூன்றுக்கும் நகல் போதும். நான்காவது அசலாக இருக்க வேண்டும்.

நான் முதல் மூன்றை மட்டும் கொண்டுபோயிருந்தேன்.

எனக்கு முன்னால் நின்றவர் தன் ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். எழுத்தர் கோதண்டபாணி அந்த ஆளின் நெற்றியில் முத்திரை குத்தி, நான்காக மடித்து, கோப்பில் வைத்துக் கட்டினார். ஆள் நன்றாக மடிந்து கொடுத்தார். பழக்கம் போலிருக்கிறது.

“நாலாவது எங்க சார்?”

“எனக்கு அப்படி யாரும் இல்லைங்க.”

பொய். கொசு முட்டைகளைப் பற்றிய என் கட்டுரைக்காக எட்டு மாதம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து நாற்பத்தோராயிரம் முட்டைகளை எண்ணியவள் செந்தாமரை. ஆய்வகத்தில் எனக்கு இளையவள். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, கட்டுரை ஆசிரியர்கள் வரிசையில் இரண்டாவதாக இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. என் பெயர் மட்டும் தனியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்தக் கட்டுரையால்தான் இந்த வேலை கிடைத்தது.

“இல்லைன்னா, இல்லைங்கறதுக்குச் சான்று வேணும்” என்றார் கோதண்டபாணி.

“யார்கிட்ட வாங்கணும்?”

“விடுபட்டவங்ககிட்டதான். ‘நான் இல்லை’ன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுத் தரணும்.”

நியாயமாகத்தான் இருந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வரும்போது இருபதடி இருந்த வராந்தா இப்போது இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம் நீண்டிருந்தது. நடந்தேன். கடைசியில் ஒரு பெஞ்சில் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

“வாங்கண்ணா. சாப்டீங்களா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பாப்பா பேரு என்ன?”

“இன்னும் வைக்கலண்ணா. பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேரு போடற எடம் காலியா வருது. அம்மா பேரு இல்லாம புள்ளைக்குப் பேரு பதிய மாட்டாங்களாம். யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க.”

“யாருன்னு சொன்னாங்களா?”

“நான் கேட்டுக்கலண்ணா.”

படிவத்தை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். மை பிடிக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்கங்கண்ணா. இப்பல்லாம் எனக்கு இப்படித்தான் ஆவுது.”

மன்னிப்பை அவள் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருவரையும் அழைத்துக்கொண்டு திரும்பினேன்.

கோதண்டபாணி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கையெழுத்து விழல. அப்படின்னா ஆளே இல்லை. சரியாத்தான் இருக்கு சார்.”

முத்திரையை ஓங்கினார்.

“இருங்க” என்றேன். “நான் அவங்க பேரை எழுதினா விழுமா?”

“எடுத்தவர் எழுதினா விழும். ஆனா முழுப் பேரும் விழுந்துட்டா உங்க ஆணை கமிட்டிக்குத் திரும்பிடும். போனது எதுவும் வந்ததில்லை.”

பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தேன். ‘செந்தா’ வரை எழுதினேன். மை கறுப்பாக, அழகாக விழுந்தது. அங்கே கை நின்றது. நான்தான் நிறுத்தினேன்.

“மீதி?” என்றார் கோதண்டபாணி.

நான் பேனாவை மூடி அவரிடம் நீட்டினேன்.

செந்தாமரை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“இது போதும்ணா. இத பாப்பாவுக்கு வச்சுக்கறேன். எனக்கு அப்புறமாப் பாத்துக்கலாம்.”

முத்திரை விழுந்தது. அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

குழந்தையை அவள் கீழே இறக்கிவிட்டாள். அது வராந்தாவில் தத்தித் தத்திப் போனது. கொஞ்ச தூரம் போக விட்டு, “செந்தா” என்று முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

குழந்தை பாதி திரும்பியது.

நான் பணியில் சேர்ந்தேன்.